லாரிக்கு மூக்கு வைத்தவள்

பேகம்பூர் தகரக்கடை வீட்டில் பிறந்த ஆரிபாவைப் பற்றி அந்தத் தெருவில் ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். ஒன்றைச் செய்யாதே என்று சொல்லிவிட்டால், அதைச் செய்து முடிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. அதைக் கேட்டால் ஆரிபா இன்னும் கொஞ்சம் தலையை நிமிர்த்திக்கொண்டு போவாள்.

அவளுடைய அத்தா வாளி, புனல், எண்ணெய் டின், டிரங்குப் பெட்டி என்று தகரத்தில் செய்யாத சாமான் இல்லை. குறுகிய வாய் வைத்த டின்னுக்குள் கையை விட்டு உள்மூட்டில் ஈயம் பூச ஒரு சின்னக் கை வேண்டியிருந்தது. அதற்காகத்தான் மகளைப் பட்டறையில் உட்கார வைத்தார். கை பெரிதான பிறகும் அவள் எழுந்து போகவில்லை. வயசுக்கு வந்த பெண் கடைவாசலில் உட்காரக் கூடாது என்றார்கள். கத்தரியையும் கொட்டாப்புளிச் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்தாள். சத்தம் தெருவுக்குக் கேட்கிறது என்றார்கள். கேட்கட்டும் என்றாள்.

முகமது பாரூக்கைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனபோது, சீர்சாமான்களோடு ஒரு பட்டறைக் கல்லும் வண்டியில் ஏறியது. பாரூக் லாரி டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் சிங்கம். கீழே இறங்கினால் யார் குரலை உயர்த்தினாலும் "சரிங்க" என்று சொல்லிவிடுகிற மனுஷன். ஆரிபாவுக்கு அவனைப் பிடித்ததும் அதனால்தான், அவனிடம் கோபம் வந்ததும் அதனால்தான்.

அவன் ஓட்டிய லாரி உடையப்பனுடையது. உடையப்பன் திண்டுக்கல்லில் பெரிய பலசரக்கு மண்டிக்காரர். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட பெட்ரோல் லாரிகளில் இரண்டை எடுத்து வைத்திருந்தார். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு அரிசியும் பருப்பும் போகும். திரும்பும்போது உருளைக்கிழங்கும் பேரிக்காயும் வரும். மண்டி திறந்து மூட்டை ஏற்றி முடிக்கவே வெயில் ஏறிவிடும். வத்தலக்குண்டு வரை செம்மண் புழுதி. மலையடிவாரம் போய்ச் சேரும்போது உச்சிவேளை.

ஐம்பத்தாறாம் வருஷத்துக் கோடையில் அந்த லாரி மலையில் நிற்க ஆரம்பித்தது. டம்டம் பாறை தாண்டி ஒரு செங்குத்தான திருப்பம் உண்டு. மூங்கில் வளைவு என்பார்கள் டிரைவர்கள். அங்கே வந்ததும் என்ஜின் இரைக்கும், திணறும், அடங்கிவிடும். சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து, பாதி மூட்டையை ரோட்டோரம் இறக்கிவிட்டு மேலே போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து மிச்சத்தை ஏற்ற வேண்டும். ஒரு நாள் கோடை மழையில் ரோட்டோரத்து அரிசி மூட்டைகள் நனைந்து போயின. உடையப்பன் எல்லோர் முன்னாலும் பாரூக்கைப் பார்த்து, "லாரிக்கு ஒண்ணும் இல்ல. ஓட்டுறவனுக்குத்தான் நெஞ்சுல தெம்பில்ல" என்று சொல்லிவிட்டார்.

அன்று பாரூக் சாப்பிடாமல் படுத்தான். ஆரிபா விடவில்லை.

"ஏன் நிக்குது? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"வெக்கையில அதுக்கு மூச்சு முட்டுது புள்ள. போன மாசம் ஒரு தரம் சரக்கு அவசரம்னு விடியறதுக்கு முன்னாடியே மலை ஏறினேன். அம்புட்டு லோடும் வச்சுக்கிட்டு குதிரை மாதிரி போச்சு. அதே லாரி, அதே லோடு. மத்தியானம்னா படுத்துக்குது."

மறுநாள் அவன் சரக்கோடு மலைக்குக் கிளம்புகிற வழியில் சாப்பிட வீட்டுக்கு வந்தான். லாரி தெருமுனையில் நின்றது. அவன் சோற்றில் கை வைக்கும் நேரம் ஆரிபா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு லாரிப் பக்கம் போய்விட்டாள். பாரூக் எச்சில் கையோடு ஓடி வந்தான்.

"இந்த மூடியைத் தெறங்க."

அவன் பானெட்டைத் தூக்கினான். உள்ளே என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் தலையில் எண்ணெய் ஊற்றிய சட்டி மாதிரி ஒன்று. என்ஜின் குடிக்கிற காற்று அதன் வழியாகத்தான் போகும். புழுதி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். காற்று எங்கே நுழைகிறது என்று கேட்டு, அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். அடுப்பு வாய்க்கு நேரே கை நீட்டினது போலிருந்தது.

"இந்த அனலையா அது குடிக்குது?"

"பின்னே? எல்லா லாரியும் இதைத்தான் குடிக்குது."

"குடிக்கட்டும். நம்ம லாரி குடிக்க வேணாம். வெளிக்காத்தை இழுத்துக் குடுத்தா என்ன? இந்தச் சட்டியைச் சுத்தி ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு குழாய், பக்கவாட்டுல வெளிய வந்து, உங்க தலைக்கு மேல வரைக்கும். அங்க புழுதியும் கம்மி, சூடும் கம்மி. மழை எறங்காம மேல ஒரு தொப்பி."

பாரூக் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "காத்துப் பக்கம் எவனும் கை வைக்கக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு."

உத்தரவுக்குக் காரணம் இருந்தது. உடையப்பனின் இன்னொரு லாரியை ஓட்டியவன், நன்றாக இழுக்கும் என்று நினைத்து அந்த எண்ணெய்ச் சட்டியையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினான். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இழுத்தது. அதற்குள் செம்மண் எல்லாம் உள்ளே போய் என்ஜினை அரைத்துத் தின்றுவிட்டது. புகை கக்கிக்கொண்டு நின்ற லாரியைக் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள்.

"அவன் கழட்டுனான். நான் சேக்குறேன். ரெண்டும் ஒண்ணா?" என்றாள் ஆரிபா.

தகரம் வாங்க அண்ணன் கடைக்குத்தான் போனாள். அத்தா காலமான பிறகு கடை பீர் முகமது கைக்கு வந்திருந்தது. எதற்குத் தகரம் என்று தெரிந்ததும் அவன் முகம் கோணியது. "லாரி சாமானெல்லாம் ஆம்பளைங்க வேலை. நாளைக்கு எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா கடைப் பேரு நாறிப் போயிரும். குடுக்க முடியாது." ஆரிபா திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய்த் தன் சீதன டிரங்குப் பெட்டியைக் காலி செய்தாள். துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு, பெட்டியைக் கத்தரியால் வெட்டினாள். அது பத்தவில்லை. வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற பெரிய டின்னும் போயிற்று.

அளவெடுத்துப் பொருத்திக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அந்தோணிமுத்து, பாரூக்கின் சிநேகிதன். அவன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேலை சுத்தமா இருக்கு தங்கச்சி. யோசனையும் தப்பில்ல. ஆனா ஒண்ணு. என்ஜின் ஆடும், டிரைவர் கூண்டு ஆடாது. ரெண்டையும் ஒரே குழாயால சேத்துக் கட்டுனா நடுவுல கிழிஞ்சிரும்."

"நான் வச்ச ஈயப்பத்து இதுவரைக்கும் கிழிஞ்சதில்ல அண்ணே."

"வாளியில வச்சது கிழியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. "மாட்டுங்கண்ணே, பாத்துக்கலாம்" என்றாள். லாரியின் சொந்தத் தகரத்தில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. பானெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் கூண்டுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் அவள் செய்த தகட்டை மாட்டினார்கள்.

பாரூக் முதலாளியிடம் சொல்லாமல் லாரியை எடுத்தான். அன்று சாயங்காலம் அவன் வருவதற்கு முன்னாலேயே செய்தி ஊருக்கு வந்துவிட்டது. மூங்கில் வளைவில் குழாய் இரண்டாகக் கிழிந்து ரோட்டில் விழுந்து உருண்டிருக்கிறது. பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று நிற்க, உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்திருக்கிறார்கள். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லாரியும் வழக்கம்போல் வளைவிலேயே நின்றுவிட்டது.

பாரூக் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "மொதலாளி திட்டித் தீத்துட்டாரு. குழாயை லாரி ஸ்டாண்டு டிரைவருங்க வாங்கி வச்சுக்கிட்டாங்க. விட்டுரு ஆரிபா."

"வளைவு வரைக்கும் எப்பிடிப் போச்சு?"

அவன் சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு முகம் மாறியது. "பொய் சொல்லக் கூடாது. டம்டம் பாறை வரைக்கும் அது வேற லாரி. ரெண்டாங் கியர்லயே ஏறுச்சு."

"அது போதும்" என்றாள்.

மறுநாள் காலை லாரி ஸ்டாண்டுப் புளியமரத்தில் அந்தக் குழாய் தொங்கியது. டிரைவர்கள் அதற்குச் சாமந்தி மாலை போட்டு, திருநீறு குங்குமம் எல்லாம் வைத்திருந்தார்கள். 'லாரி மூக்கு' என்று கரியால் எழுதியும் வைத்திருந்தார்கள். போகிற வருகிறவர்கள் கும்பிடு போட்டுச் சிரித்தார்கள். பாரூக் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆரிபா போனாள். நல்ல வெயில் நேரத்தில், ஸ்டாண்டு நிறைய ஆட்கள் இருக்கும்போது, நேராகப் புளியமரத்தடிக்கு நடந்தாள். சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. அங்கே கிடந்த ஒரு பெட்ரோல் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தாள். மாலையைக் கழற்றிக் கிளையிலேயே மாட்டினாள்.

"மாலை யாரு போட்டது?" என்று கேட்டாள்.

டிரைவர்கள் இரண்டு பேர் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள்.

"இன்னொண்ணு கட்டி வைங்க. இது மலை ஏறி எறங்குன பொறவு நானே வந்து வாங்கிக்கிடுறேன்."

சத்தம் கேட்டு உடையப்பன் மண்டியிலிருந்து வந்தார். பருத்த உடம்பு, தோளில் சரிகைத் துண்டு. பெண்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துப் பேசினார். "பாய் வீட்டம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கப்பா. என் லாரியைத் தகரக்கடை ஆக்குறதுக்கு நான் ஆள் வைக்கல."

"என்னைப் பாத்துப் பேசுங்க மொதலாளி, இங்கதான் நிக்கிறேன். இன்னொரு தடவை மாட்டித் தாரேன். உச்சி வெயில்ல, முழு லோடோட ஏறட்டும். ஏறலேன்னா பொறவு நான் தகரத்தைத் தொட மாட்டேன்."

"நீ தொட்டா என்ன, தொடாட்டி எனக்கென்ன?"

"ஏறிருச்சுன்னா என்ன பண்றதுன்னு பயமா இருக்கா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடையப்பனின் காது மடல் சிவந்தது. "சரி. நானே கார்ல வாரேன். மலையில ஒரு இடத்துல நின்னாலும் சரி, அன்னைக்கோட உன் புருஷனுக்கு மலை ரூட்டு இல்ல. என்ன காரணம் சொன்னாலும் கேக்க மாட்டேன்."

"நானும் லாரியில வருவேன்."

"தாராளமா வா. ஊரு பாக்கட்டும்" என்றார் உடையப்பன், துண்டை உதறிப் போட்டுக்கொண்டு.

ஆரிபா கிழிந்த குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு கடைவீதி வழியாகவே வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் பாரூக் தலையில் கை வைத்தான். "லாரியில நீ ஏறிப் போனா ஊரு என்ன சொல்லும்?"

"நின்னு போன லாரிக்கு ஊரு என்ன சொல்லுச்சு? அதையே இதுக்கும் சொல்லட்டும்."

வாய் அப்படிப் பேசினாலும் உள்ளே அவளுக்குப் பயம் இருந்தது. கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஈயம் விட்டுப் போகவில்லை. ஈயத்துக்குப் பக்கத்தில் தகரமே கிழிந்திருந்தது. அந்தோணிமுத்து சொன்னதுதான் சரி. இதைவிடக் கனமான தகரம் போட்டாலும் கிழியும். என்ஜினும் ஆடட்டும், கூண்டும் அசையாமல் இருக்கட்டும். நடுவில் இருப்பது இரண்டுக்கும் வளைந்து கொடுக்க வேண்டும், காற்றையும் வெளியே விடக் கூடாது. துணியா? அனலில் பொசுங்கும், புழுதியும் நுழையும். கோணிச்சாக்கா? அதுவும் ஆகாது. இரண்டு நாள் இதே நினைப்பாகத் திரிந்தாள். குழம்பில் உப்பில்லை என்று பாரூக் சொன்னது கூடக் காதில் ஏறவில்லை.

அத்தா உலை ஊத வைத்திருந்த துருத்தி நினைவுக்கு வந்தது. ஆட்டுத்தோலில் தைத்தது. அமுக்கினால் மடங்கும், விட்டால் விரியும், ஒரு பொட்டுக் காற்று ஒழுகாது. பீர் முகமது கையால் சுற்றுகிற காற்றாடி வாங்கிய பிறகு அது கடைப் பரணில் கிடந்தது. அண்ணன் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தபோது அண்ணியிடம் சொல்லிவிட்டே எடுத்து வந்தாள். தோலுக்கு விளக்கெண்ணெய் தடவி ஊற வைத்து, வெட்டி, குழாயளவுக்குச் சுருட்டித் தைத்தாள். குழாயை இரண்டு துண்டாக்கி நடுவில் அந்தத் தோலைக் கொடுத்து இரண்டு பக்கமும் தகரப் பட்டை போட்டு முறுக்கினாள்.

பீர் முகமது வந்தபோது மிச்சத் தோல் தரையில் கிடந்தது. வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அத்தாவோட துருத்தியை அறுத்துட்டியா?"

"அறுத்துட்டேன்."

"உனக்கு மனசு வந்துச்சா?"

"துருத்தி காத்துக்குத்தானே இருந்துச்சு? இப்பவும் காத்துக்குத்தான் இருக்கு. பரண்ல எலி தின்னா உனக்குச் சந்தோசமா?"

அவன் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு வெகு காலம் அவளோடு பேசவில்லை. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் தைத்ததைப் பிரிக்கவில்லை.

அந்தோணிமுத்து தோல் மூட்டைப் பார்த்தான். இழுத்தான், முறுக்கினான், ஊதிப் பார்த்தான். "இதை நான் நெனைக்கல தங்கச்சி" என்றான். "நீங்க அன்னைக்கு வெவரம் சொல்லலேன்னா நானும் நெனைச்சிருக்க மாட்டேன்" என்றாள் ஆரிபா. அவள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததை பாரூக் ஆச்சரியமாகப் பார்த்தான்.

வைகாசி வெயில். லாரியில் அரிசி மூட்டை கூண்டுக்கு மேல் நின்றது. ஸ்டாண்டே வேடிக்கை பார்க்க, ஆரிபா துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவை அவளே இழுத்துச் சாத்தினாள். உடையப்பனின் கார் பின்னால் கிளம்பி, புழுதி தாங்காமல் ஊர் தாண்டியதும் முன்னால் போய்விட்டது.

வத்தலக்குண்டு வரை சமதளம். மலையடிவாரத்தில் லாரியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆரிபா பானெட்டைத் தூக்கித் தோல் மூட்டைத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய்ப் பசை குறையாமல் இருந்தது. என்ஜின் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் அது குழந்தை மாதிரி நெளிந்து கொடுத்தது.

ஏற்றம் ஆரம்பித்தது. பாரூக்கின் முகத்தில் வியர்வை. அவள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் குழாயின் வாயில் காற்று இழுபடும் சத்தம் 'ஊ'வென்று வந்தது. ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். பள்ளத்தாக்கு ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே போயிற்று. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டம்டம் பாறை தாண்டியது. பாரூக் கியரை மாற்றவே இல்லை. "போகுது பாத்தியா" என்றான்.

மூங்கில் வளைவுக்கு முந்தின நேர்ரோட்டில் ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. ரேடியேட்டரிலிருந்து ஆவி மரமட்டத்துக்குப் பீய்ச்சி அடித்தது. பக்கத்தில் உடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். லாரியைப் பார்த்ததும் ரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

பாரூக்கின் கால் தானாகவே ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது. என்ஜின் சத்தம் இறங்கியது.

"காலை எடுக்காதீங்க!"

"மொதலாளி நிக்கச் சொல்றாரு ஆரிபா…"

"நின்னா இந்த ஏத்தத்துல மறுபடி கெளம்பாது. நின்னா ரூட்டு இல்லேன்னு அவருதானே சொன்னாரு? என்ன காரணம் சொன்னாலும் கேக்க மாட்டேன்னாரே? மிதிங்க!"

பாரூக் அவளைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். மிதித்தான். லாரி ஓர் உறுமலோடு உடையப்பனைத் தாண்டியது. அவர் ஏதோ கத்தியது சத்தத்தில் கேட்கவில்லை. ஆரிபா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எறங்கையில ஏத்திக்கிடுறோம் மொதலாளி!" என்று கூவினாள். மூங்கில் வளைவில் லாரி ஒரு கணம் தயங்கியது, முன்சக்கரம் திரும்பியது, பிறகு மூட்டையெல்லாம் ஒரு பக்கம் சாய, ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது.

மேலே சந்தையில் முழுச் சரக்கையும் ஒரே தடவையில் இறக்கினார்கள். குளிர்காற்று அடித்தது. பாரூக் டீக்கடையில் இரண்டு டம்ளர் வாங்கி வந்து ஒன்றை அவளிடம் கொடுத்தான்.  சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படி அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை.

இறங்கும்போது கார் அங்கே இல்லை. வேறு யாரோ கயிறு கட்டி இழுத்துப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை உடையப்பன் ஸ்டாண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். பாரூக்கோடு ஆரிபாவும் வந்தாள்.

"ஏறுச்சு" என்றார் உடையப்பன். "நான் இல்லேங்கல. குழாய் நல்ல குழாய்தான். அது இருக்கட்டும். ஆனா மொதலாளி நடுரோட்டுல கையாட்டி நிக்கையில நிக்காமப் போறவன் எனக்கு டிரைவர் இல்ல. உன் வீட்டம்மா இத்தனை பேர் முன்னால தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நீ சாவியை எடுத்துக்கிட்டுப் போலாம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் வேலை இருக்கும், மலை ரூட் இருக்கும். பாரூக்கின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவோமோ என்று இருந்தது.

"தப்புன்னு சொல்ல மாட்டேன் மொதலாளி. நிக்கக் கூடாதுன்னு சொன்னதும் நீங்க, நிக்கலேன்னு கோவிக்கிறதும் நீங்க. இதுல நான் எதுக்குத் தப்புச் சொல்லணும்?"

"அப்ப சாவியைக் குடு பாரூக்கு."

பாரூக் எப்போதும்போல் "சரிங்க மொதலாளி" என்றுதான் சொன்னான். சாவியை அவர் கையில் கொடுக்காமல் லாரி பானெட்டின் மேல் வைத்தான். பிறகு கூண்டுக்குள் போய்த் திருப்புளியும் குறடும் எடுத்து வந்து ஆரிபாவிடம் நீட்டினான். "கழட்டிக்க" என்றான்.

அவன் அப்படிச் செய்வான் என்று அவளே நினைக்கவில்லை.

"குழாயை ஏம்மா கழட்டுற?" உடையப்பன் எழுந்தே விட்டார்.

"தகரம் என் பொட்டியோடது. தோலு எங்க அத்தாவோடது. உங்களுதுன்னு இதுல எதுவும் இல்ல."

பட்டையைத் தளர்த்தி, குழாயை உருவி, பழைய பக்கத்தகட்டை இருந்த மாதிரியே மாட்டிக் கொடுத்தாள். ஒரு திருகாணி கூடக் குறையவில்லை. ஸ்டாண்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் குழாயோடு புளியமரத்தைத் தாண்டும்போது, வயதான டிரைவர் ஒருவர் மட்டும், "மாலை வேணுமாம்மா?" என்றார். கேலியாக இல்லை.

பிறகு வந்த மாதங்கள் சிரமமானவை. பாரூக் தோல் கிடங்கு ஒன்றில் பார வண்டி ஓட்டினான். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் புதுத்துணி இல்லை. அண்ணன் வீட்டு வழியாகப் போகும்போது கதவு சாத்தியிருந்தது. ஒரு வார்த்தைக்கு இத்தனையா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். "ஒரு வார்த்தைதான். அதை அவரு சொல்லியிருக்கலாமே" என்றாள் ஆரிபா.

முதலில் வந்தது அந்தோணிமுத்துதான். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவரின் லாரி அவன் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. கூடவே லாரிக்காரரும் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். "ஏனுங்க, மலையில ஒரு லாரி மூக்கு வெச்சுட்டு ஏறுச்சுன்னு சொன்னாங்க. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றார். கேலியாக எழுதிய பெயரே வேலைக்குப் பெயராகிவிட்டது. அடுத்தது ஒரு ஜீப். அதற்கடுத்து, குழாய்க்கு மாலை போட்டுத் தொங்கவிட்ட டிரைவர்களில் ஒருவனே தன் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆரிபா அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அளவு கயிற்றை எடுத்தாள்.

கொல்லைப்புறம் போதவில்லை. தெருவைப் பார்த்த முன்னறைக் கதவைத் திறந்து அங்கேயே பட்டறைக் கல்லைப் போட்டாள். பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, பெண்பிள்ளை தெருப் பார்க்க உட்கார்ந்து தட்டுவது நன்றாக இல்லை என்று பாரூக்கிடம் சொன்னார்கள். இந்தத் தடவை பாரூக் "சரிங்க" என்று சொல்லவில்லை. "உள்ள இருக்கா, அவகிட்டயே சொல்லுங்க" என்றான். அவர்கள் ஆரிபாவை எட்டிப் பார்த்தார்கள். ஈயம் பற்றவைக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் பிடித்திருந்தாள். இன்னொரு நாள் வருகிறோம் என்று போனவர்கள் வரவில்லை.

பாரூக்குக்குப் பழனி ரோட்டில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. தைப்பூசத்துக்குக் காவடிக் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து, எந்தெந்த லாரி அவள் வைத்த மூக்கோடு எதிரே வந்தது என்று சொல்வான். அவன் பஸ்ஸில் மட்டும் வைக்க முடியவில்லை. கம்பெனிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை பிடிப்பாள்.

உடையப்பன் ஆள் மூலமாக இரண்டு தடவை லாரியை அனுப்பினார். "அவரு வந்து கேட்டா செய்றேன்" என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினாள். அவர் வரவில்லை. வேறொருவரிடம் செய்து மாட்டிப் பார்த்தார் என்றும், அது வளைவிலேயே கிழிந்தது என்றும் கேள்விப்பட்டாள். அறுபத்திரண்டில் அவர் இறந்த பிறகு மகன் வந்தான். அவனுக்குச் செய்து கொடுத்தாள்.

அதற்குள் வெக்கையில் திணறாத டீசல் லாரிகள் வந்துவிட்டன. இனி ஆரிபாவுக்கு வேலையில்லை என்றார்கள். அந்த வார்த்தை அவளுக்கு நல்ல சோறு மாதிரி. ஆத்தூர்ப் பக்கம் டிராக்டர் வைத்திருந்த விவசாயிகளிடம் தானே பஸ் ஏறிப் போனாள். செம்மண் காட்டில் உழும்போது டிராக்டர் குடிக்கிற புழுதியை எண்ணெய்ச் சட்டியைத் திறந்து காட்டினாள். சட்டி முழுக்கச் சேறு. மலைச்சாமி என்ற விவசாயி முதலில் வாங்கினார். அந்த வருஷ உழவு முடிவதற்குள் அந்தப் பக்கத்தில் பாதி டிராக்டர்கள் உயரமான குழாயும் தொப்பியுமாக நின்றன.

ஒவ்வொரு தொப்பியிலும் ஆணிமுனையால் புள்ளி புள்ளியாகத் தட்டி 'ஆரிபா' என்று பெயர் பொறிப்பாள். கடைப்பெயரோ புருஷன் பெயரோ போட்டால் மரியாதையாக இருக்குமே என்று சிலர் சொன்னார்கள். தட்டுறது நான்தானே என்று கேட்டாள்.  பீர் முகமது கூட, பேச்சு வார்த்தை திரும்பிய பிறகு, அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தானே தவிர ஒன்றும் சொல்லவில்லை. துருத்தியைப் பற்றி மட்டும் கடைசி வரை குத்திக்காட்டிக்கொண்டே இருந்தான்.

அறுபத்தாறிலோ அறுபத்தேழிலோ, சேலம் பக்கத்து லாரி டிரைவர் ஒருவன் விசாரித்துக்கொண்டு பேகம்பூருக்கு வந்தான். யாரோ அவனுக்கு மூக்கு வைத்த ஒரு லாரியைக் காட்டியிருக்கிறார்கள். முன்னறையில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்த பெண்பிள்ளையைப் பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தயங்கினான்.

"இங்க ஆரிபான்னு ஒரு கம்பெனி இருக்காமே? பம்பாய்க் கம்பெனின்னு சொன்னாங்க. ஏஜெண்ட் யாரு?"

ஆரிபா அடுப்பிலிருந்து இரும்பை எடுத்தாள். நுனி சுத்தமாக நவச்சாரக் கட்டியில் தேய்த்தாள். புகை எழும்பியது.

"பம்பாய் இல்ல, பேகம்பூரு" என்றாள். "கம்பெனி நாந்தான். லாரியைத் தெருமுனையில நிறுத்திட்டு மூடியைத் தெறந்து வைங்க, வாரேன்."